அப்பா காலமான பிறகு பிஎம் கிசான் பணம் யாருக்குச் சேரும்?

கேள்வி: ஐயா, கள்ளக்குறிச்சி மாவட்டம் சின்னசேலம் வட்டத்தில் எங்கள் அப்பா பெயரில் 1 ஏக்கர் 20 சென்ட் புன்செய் இருந்தது. மக்காச்சோளமும் மரவள்ளியும் போடுகிறோம். அப்பாவுக்கு 2019 முதல் பிஎம் கிசான் பணம் வந்துகொண்டிருந்தது. 2024 ஜூலையில் காலமாகிவிட்டார். அதற்குப் பிறகும் இரண்டு தவணை அவர் கணக்கில் ஏறியது. ஏடிஎம் கார்டு வைத்து எடுத்து, காரியத்துக்கு வாங்கிய கடனைக் கொடுத்தோம். பிறகு நின்றுவிட்டது. போன வருடம் அம்மா, அண்ணன், நான் மூவர் பெயரிலும் வாரிசு முறையில் கூட்டுப் பட்டா ஆனது. என் பெயரில் இரண்டு தடவை பதிந்தேன், இரண்டும் தள்ளுபடி. 2019-க்குப் பிறகு பட்டா மாறியிருந்தால் கிடைக்காது என்கிறார் கம்ப்யூட்டர் சென்டர்காரர். 1,500 ரூபாய் கொடுத்தால் பழைய தவணையையும் சேர்த்து வாங்கித் தருகிறேன் என்கிறார் இன்னொருவர். என் மனைவிக்கு அவருடைய அப்பா 2016-ல் எழுதிக் கொடுத்த 40 சென்ட்டுக்கு இந்தப் பணம் ஒழுங்காக வருகிறது. அண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். அம்மாவுக்கு 67 வயது, கைரேகை சரியாக விழாது. நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: முதலில், உங்கள் பெயரில் மூன்றாவது தடவை பதிய வேண்டாம். எத்தனை தடவை பதிந்தாலும் நிற்காது. காரணம் பட்டா அல்ல, உங்கள் மனைவிக்கு ஏற்கெனவே வருகிற பணம். விவசாயிகளுக்கு மத்திய அரசு பணம் கொடுக்கும் இந்த பிஎம் கிசான் திட்டத்தில் குடும்பம் என்றால் கணவன், மனைவி, 18 வயது ஆகாத பிள்ளைகள். அந்தக் குடும்பத்துக்கு வருடத்துக்கு 6,000 ரூபாய்தான், அது யாராவது ஒருவர் பெயரில்தான் வரும். மனைவியின் நிலம் 2016-லேயே அவர் பெயருக்கு வந்துவிட்டதால் அவருக்கு வருவது முறையான பணம். அதை அப்படியே விட்டுவிடுங்கள். கணவன், மனைவி இருவர் பெயரும் பதிவில் இருப்பதை இணையதளமே பிரித்தெடுத்துச் சந்தேகப் பட்டியலில் வைக்கிறது. மறுபடி மறுபடி முயன்றால் மனைவிக்கு வருவதையும் சரிபார்ப்பு முடியும் வரை நிறுத்தி வைக்கக்கூடும். கையில் இருப்பதையும் இழக்க வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் கடைசி வரியில் வருகிற உங்கள் அம்மாதான் இந்தப் பணத்துக்கு உரியவர். அப்பா உயிரோடு இருந்தவரை அவர்கள் இருவரும் ஒரு குடும்பம், பணம் அப்பா பெயரில் வந்தது. அவர் போன பிறகு அம்மா தனிக் குடும்பம். பட்டாவில் அவர் பெயர் இருக்கிறது. நீங்கள் வயது வந்த மகன் என்பதால் அம்மாவும் நீங்களும் ஒரே வீட்டில் இருந்தாலும் திட்டத்தின் கணக்கில் வேறு வேறு குடும்பம். ஒரே பட்டாவில் பல குடும்பத்தார் பெயர் இருந்தால் ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாக முழு 6,000 ரூபாய் பெறலாம் என்றுதான் விதி. பணத்தைப் பங்கு போடுவதில்லை. முதியோர் உதவித்தொகை வாங்கினாலும் தடையில்லை. மாதம் 10,000 ரூபாயும் அதற்கு மேலும் ஓய்வூதியம் வாங்குகிற ஓய்வூதியர்களைத்தான் ஒதுக்கியிருக்கிறார்கள், அதிலும் கடைநிலை ஊழியராக இருந்து ஓய்வு பெற்றவர்களுக்கு விலக்கு உண்டு.

அண்ணனும் இதே வழியில் பதியலாம். அவர் போன மதிப்பீட்டு ஆண்டில் வருமான வரி கட்டியிருக்கக் கூடாது, அண்ணி பெயரில் வேறு நிலத்துக்குப் பணம் வந்துகொண்டிருக்கக் கூடாது. வெளியூரில் வேலை பார்ப்பது தடையாகாது.

இனி அந்த 2019 விஷயம். கம்ப்யூட்டர் சென்டர்காரர் சொன்னதில் பாதி உண்மை. 1.2.2019 அன்று நிலப் பதிவேட்டில் யார் பெயர் இருந்ததோ அவருக்குத்தான் பணம் என்பது விதி. அந்தத் தேதிக்குப் பிறகு விலைக்கு வாங்கியதும், தான செட்டில்மென்ட்டாக வந்ததும் எடுபடாது. ஆனால் உரிமையாளர் இறந்து வாரிசுக்கு வந்த நிலத்துக்கு இந்தக் கெடு கிடையாது. உங்கள் அப்பா பெயர் 2019-ல் பட்டாவில் இருந்தது, அவர் இறந்ததால் மாறியது, ஆகவே அம்மாவுக்குப் பொருந்தும். சிக்கல் எங்கே வருகிறது என்றால், பதிவு செய்யும்போது நிலம் எப்போது கைக்கு வந்தது, எப்படி வந்தது என்று இணையதளம் கேட்கும். 2019-க்குப் பிறகு என்பதைத் தேர்வு செய்துவிட்டு, காரணம் கேட்கும் இடத்தில் உரிமையாளர் இறப்பு என்பதற்குப் பதிலாகத் தானம் என்றோ கிரயம் என்றோ அவசரத்தில் அழுத்திவிடுகிறார்கள். அப்படி அழுத்தியது விண்ணப்பத்தை அங்கேயே தள்ளுபடி செய்துவிடும். தள்ளுபடி ஆவோமோ என்ற பயத்தில் பழைய தேதியைப் போடுகிறவர்களும் உண்டு. அது சிட்டாவோடு ஒத்துப்போகாமல் பிடிபடும், பிறகு பொய்த் தகவல் என்ற பெயரும் சேரும். உண்மையான தேதியை, உண்மையான காரணத்தோடு போடுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. அம்மாவுக்கு வயதாகிவிட்டது, அவர் பங்கை எங்களுக்கே எழுதி வாங்கிவிடுகிறோம் என்று இப்போது விடுதலைப் பத்திரமோ செட்டில்மென்ட்டோ போட்டுவிடாதீர்கள். பட்டாவிலிருந்து அம்மா பெயர் போனால் அவருக்கு உரிமை போய்விடும்.

பதிவுக்குப் போகும் முன் தாளை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிடுங்கள். தமிழ்நாடு அரசின் இ-சர்வீசஸ் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், பட்டா எண் கொடுத்துப் புதிய சிட்டாவை எடுங்கள். அப்பா காலத்துச் சிட்டா நகல் செல்லாது. பரப்பு என்ற இடத்தில் ஹெக், ஏர் என்று போட்டு 0 - 48.50 என்று இருக்கும். இதுதான் உங்கள் 1 ஏக்கர் 20 சென்ட். 48.50 என்பது ஏர். ஒரு ஏர் ஏறக்குறைய 2.47 சென்ட். பிஎம் கிசான் தளத்தில் பரப்பை ஹெக்டேரில் கேட்பார்கள், அங்கே 0.4850 என்று அடிக்க வேண்டும். புள்ளியை இடம் மாற்றி 48.50 என்று அடித்தால் 119 ஏக்கருக்கு மேல் ஆகிவிடும். 1.20 என்று அடித்தால் 3 ஏக்கருக்குச் சற்றுக் குறைவாகக் காட்டும். இரண்டுமே பதிவேட்டோடு சேராது. கூட்டுப் பட்டாவில் பங்கு எவ்வளவு என்று எழுதியிருக்காது. தனிப் பங்கைக் கேட்டால் மூன்றில் ஒன்று, அதாவது 0.1617 ஹெக்டேர். புல எண்ணும் உட்பிரிவும் சிட்டாவில் எப்படி இருக்கிறதோ அப்படியே வர வேண்டும். 114/2ஏ என்பதை 114/2 என்று போட்டால் அது பக்கத்துக்காரர் காடு.

அடுத்து அம்மாவின் பெயர். சிட்டாவில் செல்லம்மாள் என்று இருந்து ஆதாரில் செல்லம்மா என்று இருப்பது போன்ற வேறுபாடுகள் நம் ஊர்ப்பக்கம் சர்வ சாதாரணம். ஓரெழுத்து வித்தியாசம் என்றால் சரிபார்க்கும் அலுவலர் ஏற்றுக்கொள்ள இடமுண்டு. பெயரே வேறாக, அழைக்கும் பெயர் பட்டாவிலும் இயற்பெயர் ஆதாரிலும் இருந்தால், தாசில்தார் அலுவலகத்தில் மனு கொடுத்துப் பட்டாவைத் திருத்துங்கள். இதற்காக ஆதாரில் பெயரை மாற்றப் போகாதீர்கள். அதை மாற்றினால் வங்கி, ரேஷன் அட்டை, நூறு நாள் வேலை அட்டை என்று வரிசையாக எல்லாவற்றையும் மாற்ற வேண்டிவரும்.

புதிதாகப் பதிகிறவர்களிடம் இப்போது விவசாயிகளுக்கான தனித்துவ அடையாள எண்ணும் கேட்கிறார்கள். ஆதார் போல விவசாயிக்கென்று கொடுக்கப்படும் 11 இலக்க எண் அது. அம்மா பெயரில் அதை முதலில் எடுத்துவிடுங்கள். ஆதார் அட்டை, ஆதாரோடு இணைந்த செல்பேசி, புதிய சிட்டா மூன்றையும் எடுத்துக்கொண்டு வேளாண்மை விரிவாக்க மையத்துக்கோ பொது சேவை மையத்துக்கோ போனால் போதும். அம்மா ஆதாரில் எந்த செல்பேசி எண் இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் இறந்துபோன அப்பாவின் எண்ணாகவோ, எப்போதோ தூக்கிப் போட்ட சிம்மாகவோதான் இருக்கும். முதல் வேலையாக அதை மாற்றுங்கள். ஆதார் மையத்தில் மாற்றலாம், தபால்காரர் வீட்டுக்கே வந்தும் மாற்றித் தருவார்.

உங்கள் ரேஷன் அட்டையில்தான் அம்மா பெயரும் இருக்கிறதா? குடும்ப அட்டை எண் கேட்கும் இடத்தில் உங்கள் மனைவி கொடுத்த அதே எண் வரும். அதனால் ஒரே குடும்பத்தில் இருவர் என்று சந்தேகப் பட்டியலில் விழ வாய்ப்புண்டு. பயப்பட வேண்டாம். அம்மா என் மனைவியின் மாமியார், திட்ட விதிப்படி தனிக் குடும்பம் என்று வாரிசுச் சான்றிதழோடு உதவி வேளாண்மை அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள். நேரடி சரிபார்ப்பில் விடுவித்துவிடலாம். இதற்காகத் தனி ரேஷன் அட்டை எடுக்கத் தேவையில்லை.

கைரேகை விழாதது இப்போது பெரிய தடையில்லை. இ-கேஒய்சி, அதாவது ஆதார் வழியாக ஆளை உறுதி செய்வதற்கு மூன்று வழி இருக்கிறது: செல்பேசிக்கு வரும் ஓடிபி, மையத்தில் கைரேகை, செயலியில் முகப் பதிவு. அம்மாவுக்கு மூன்றாவதுதான் சரி. உங்கள் செல்பேசியில் பிளே ஸ்டோரிலிருந்து பிஎம் கிசான் செயலியையும் ஆதார் ஃபேஸ் ஆர்டி என்ற செயலியையும் இறக்குங்கள். காலை வெளிச்சத்தில் திண்ணையில் உட்கார வைத்து, வெளிச்சம் முகத்தில் படும்படி, முதுகுப் பக்கம் வெயில் இல்லாமல் பிடியுங்கள். கண்ணாடி போட்டிருந்தால் கழற்றச் சொல்லுங்கள், முக்காட்டை விலக்கச் சொல்லுங்கள். திரையில் சொல்லும்போது கண்ணை ஒருமுறை இமைத்துத் திறக்க வேண்டும், முதியவர்கள் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் தவறவிடுகிறார்கள். மூன்று நான்கு தடவை முயன்றும் சேரவில்லை என்றால் ஆதாரில் இருக்கும் படம் பல ஆண்டு பழையதாக இருக்கும். ஆதார் மையத்தில் புகைப்படத்தைப் புதுப்பித்துவிட்டு வந்து செய்யுங்கள்.

வங்கிதான் மிக அதிகம் பேர் சறுக்குகிற இடம், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். 13-ஆம் தவணையிலிருந்து பணம் கணக்கு எண்ணைப் பார்த்து வருவதில்லை, ஆதார் எண்ணைப் பார்த்து வருகிறது. எந்த ஆதாருக்கு எந்த வங்கி என்று, வங்கிகளுக்கு இடையிலான பணப் பரிமாற்றத்தை நடத்தும் என்பிசிஐ நிறுவனத்திடம் ஒரு பதிவேடு இருக்கிறது. ஓர் ஆதாருக்கு அதில் ஒரே ஒரு வங்கிதான் இருக்க முடியும், கடைசியாக எந்த வங்கி இணைத்ததோ அது. பாஸ்புக்கில் ஆதார் எண் அச்சாகியிருப்பதும், ஆதார் லிங்க் ஆகிவிட்டது என்று கவுன்டரில் சொல்வதும் இதற்குச் சான்று ஆகாது. அது அடையாளச் சரிபார்ப்புக்காக வாங்கிக்கொண்டது மட்டும். அம்மாவுக்கு நூறு நாள் வேலைக்காக ஒரு கணக்கு இருக்கும். பிறகு எப்போதோ தபால்காரரிடமோ செல்பேசிக் கடையிலோ கைரேகை வைத்ததில் ஒரு பேமெண்ட்ஸ் வங்கிக் கணக்கும் தொடங்கியிருக்கலாம். பணம் அந்தக் கணக்குக்குப் போய் உட்கார்ந்திருக்கும், நீங்கள் பழைய பாஸ்புக்கைப் பதிந்து பதிந்து பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

இதைக் கண்டுபிடிக்க மைஆதார் தளத்தில் ஓடிபி போட்டு உள்ளே போய் வங்கி இணைப்பு நிலை என்ற பகுதியைப் பாருங்கள். வங்கியின் பெயரும், இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்பதும் வரும். செல்பேசியில் *99*99*1# என்று அழுத்தி ஆதார் எண்ணைக் கொடுத்தும் பார்க்கலாம், ஆனால் எல்லா நேரமும் எடுபடாது. வேறு வங்கி காட்டினால் இரண்டு வழி: அந்தக் கணக்கிலேயே பணத்தை வாங்கிக்கொள்வது, அல்லது நீங்கள் விரும்பும் வங்கிக் கிளையில் நேரடி மானியத்துக்கான ஆதார் ஒப்புதல் படிவம் கேட்டு எழுதிக் கொடுத்து, சில நாள் கழித்து மறுபடி பார்ப்பது. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். வங்கியை மாற்றினால் நூறு நாள் கூலி, எரிவாயு மானியம் என்று ஆதார் வழியாக வருகிற எல்லாமே புதிய கணக்குக்கு நகர்ந்துவிடும். நல்ல முறையில் ஓடிக்கொண்டிருக்கும் கணக்கைத் தொடாமல் இருப்பதே மேல்.

பதிந்த பிறகு டிஎன் என்று தொடங்கும் ஒரு பதிவு எண் கிடைக்கும். அதை ஒரு தாளில் எழுதி அம்மாவின் பாஸ்புக்கில் வைத்துவிடுங்கள். பிஎம் கிசான் தளத்தில் விவசாயிகள் பகுதியில் அந்த எண்ணைக் கொடுத்து நிலையைப் பார்க்கும்போது மூன்று வரி முக்கியம்: நில விவரம், இ-கேஒய்சி, ஆதார் வங்கி இணைப்பு. மூன்றிலும் எஸ் என்று வர வேண்டும். நில விவரத்தில் நோ என்றால் வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகம். கேஒய்சியில் நோ என்றால் மேலே சொன்ன செயலி. வங்கியில் நோ என்றால் வங்கிக் கிளை. ஒன்றுக்கு இன்னொரு இடத்தில் போய் நின்றால் யாராலும் தீர்க்க முடியாது, நாள்தான் போகும். மூன்றும் சரியான பிறகு ஆர்எஃப்டி கையெழுத்தானது என்று வந்தால், மாநில அரசு பணம் கேட்டு அனுப்பிவிட்டது என்று பொருள். எஃப்டிஓ உருவானது என்று வந்தால் மத்திய அரசின் பட்டுவாடா உத்தரவு தயாராகிவிட்டது. அந்தக் கட்டத்தில் எந்த அலுவலகத்துக்கும் அலைய வேண்டாம்.

உங்கள் மாவட்டத்தில் சரிபார்ப்பு இழுக்கும், அதற்குக் காரணமும் இருக்கிறது. 2020-ல் கொரோனா சமயத்தில் அலுவலர்களின் கடவுச்சொல்லைப் பயன்படுத்தி, நிலமே இல்லாதவர்களை ஆயிரக்கணக்கில் சேர்த்த மோசடி கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில்தான் பெரிதாக வெளிப்பட்டது. மாநிலம் முழுக்க 100 கோடி ரூபாய்க்கு மேல் தகுதியில்லாத கணக்குகளுக்குப் போனது, சிபிசிஐடி விசாரணை நடந்தது. அன்று தரகரிடம் ஆதாரையும் பாஸ்புக்கையும் நீட்டிய ஏழைகளின் கணக்கிலிருந்துதான் பணத்தைத் திரும்ப எடுத்தார்கள். உங்களிடம் 1,500 ரூபாய் கேட்பவரிடம் இதனால்தான் ஒரு நகலைக்கூடக் கொடுக்காதீர்கள். அவர் சொல்கிற பழைய தவணையும் கிடையாது. பதிவான நான்கு மாதக் காலத்திலிருந்துதான் அம்மாவுக்கு உரிமை தொடங்கும்: ஏப்ரல் முதல் ஜூலை, ஆகஸ்ட் முதல் நவம்பர், டிசம்பர் முதல் மார்ச். ஆகவே நடப்புக் காலம் முடிவதற்குள் பதிந்துவிடுவது நல்லது. பதிந்த பிறகு சரிபார்ப்பில் தாமதமானால் அந்தத் தவணைகள் சேர்ந்து வரும். அது விதியிலேயே இருக்கிறது. வாட்ஸ்அப்பில் பிஎம் கிசான் என்ற பெயரில் வரும் ஏபிகே கோப்பை (செல்பேசியில் செயலியை ஏற்றும் கோப்பு) திறக்காதீர்கள், வங்கிக் கணக்கைத் துடைத்துவிடுவார்கள். திறந்துவிட்டால் உடனே 1930-க்கு அழையுங்கள்.

கடைசியாக அப்பா கணக்கில் ஏறிய பணம். அவர் காலமானது ஜூலையில். 2024 அக்டோபர் 5-ல் வந்த 18-ஆம் தவணையும், 2025 பிப்ரவரி 24-ல் வந்த 19-ஆம் தவணையும் அவருக்கு உரியவை அல்ல. மொத்தம் 4,000 ரூபாய். காரியச் செலவுக்குத்தானே எடுத்தோம் என்று தோன்றும், அந்த நெருக்கடி புரிகிறது. ஆனாலும் திருப்பிக் கட்ட வேண்டும், அதுவும் அம்மா பெயரில் பதிவதற்கு முன்பே. அம்மாவின் விண்ணப்பத்தோடு அப்பாவின் இறப்புச் சான்றிதழைத்தான் வைக்கப் போகிறீர்கள். அதில் இருக்கும் தேதியையும் தவணைத் தேதியையும் ஒப்பிட்டால் யாருக்கும் தெரிந்துவிடும். பிஎம் கிசான் தளத்திலேயே பணத்தைத் திருப்பிச் செலுத்தும் பகுதி இருக்கிறது. முன்பு கட்டவில்லை, இப்போது இணையத்தில் கட்டுகிறேன் என்பதைத் தேர்ந்தெடுத்து, அப்பாவின் ஆதார் எண்ணைக் கொடுத்தால் தவணைகள் வரும். அந்த இரண்டையும் குறித்துக் கட்டி, ரசீதை அச்செடுத்து வையுங்கள். முடியாவிட்டால் வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் எப்படிக் கட்டுவது என்று கேட்டுக் கட்டுங்கள், ரசீது இல்லாமல் யார் கையிலும் ரொக்கம் கொடுக்க வேண்டாம். அப்பாவின் ஏடிஎம் கார்டை இனித் தொடாதீர்கள். இறப்புச் சான்றிதழோடு வங்கிக்குப் போய்க் கணக்கை முடித்துவிடுங்கள்.

பிறகு உதவி இயக்குநருக்கு அம்மா பெயரில் ஒரு மனு. நீளமாக வேண்டாம், இவ்வளவு போதும்: "என் கணவர் (பெயர், பிஎம் கிசான் பதிவு எண்) 2024 ஜூலை (தேதி) அன்று காலமானார். அதன் பின் அவர் கணக்கில் வந்த 18, 19-ஆம் தவணைகள் 4,000 ரூபாயைத் திருப்பிச் செலுத்திவிட்டேன், ரசீது இணைத்துள்ளேன். அவர் பதிவை முடித்துவைக்கவும். வாரிசு முறையில் என் பெயருக்கும் வந்துள்ள (புல எண், பட்டா எண்) நிலத்துக்கு என்னைப் பயனாளியாகச் சேர்க்கவும். இதே நிலத்துக்கு என் இளைய மகன் செய்த விண்ணப்பங்களை அவர் விட்டுக்கொடுக்கிறார்." கீழே அம்மாவின் ரேகையோ கையெழுத்தோ, பக்கத்தில் உங்கள் கையெழுத்து. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், புதிய சிட்டா, அம்மாவின் ஆதார், ரசீது ஆகியவற்றின் நகல்களை இணையுங்கள். இரண்டு பிரதியாகக் கொண்டுபோய், ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். 30 நாளில் நிலையில் மாற்றம் தெரியாவிட்டால் அந்த முத்திரைப் பிரதியோடு ஆட்சியர் மாதந்தோறும் நடத்தும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போங்கள். வேளாண்மை இணை இயக்குநரும் அங்கே இருப்பார்.